பாறைக்குழிச் சிவப்பு

அத்தியாயம் 6

பாறைக்குழியை எட்டிப் பார்த்ததும் காலையில் தின்ற மூன்று இட்லியும் நெஞ்சுக்கு ஏறி வந்து நின்றன.

தண்ணீர் சிவப்பாக இருந்தது. சாயத்தின் சிவப்பு இல்லை. எட்டு வருடம் பனியன் கம்பெனியில் இருந்தவள் நான். சாயச் சிவப்புகளை எல்லாம் எனக்குத் தெரியும். இது கறிக்கடைக்காரன் கழுவி ஊற்றும் வாளியின் சிவப்பு. ஓரத்தில் அதன்மேல் சளி மாதிரி ஒரு ஆடை படர்ந்திருந்தது. ஆடை முழுக்கப் பொடி ஈக்கள். கரையில் ஒரு வெள்ளாடு வயிறு ஊதிக் கால்களை நீட்டிக் கிடந்தது. செத்து நாலு நாள் இருக்கும். அதன் கண் இருந்த இடத்தைப் பார்த்த பிறகு நான் வேறு எதையும் பார்க்க விரும்பவில்லை.

"அம்மணி, அந்த ஊறுகாய் பாட்டிலை எடு" என்றார் தண்டாயுதபாணி.

"எடுக்கறனுங்க சார். அதுல மறுபடி ஊறுகாய் போட்டு எங்க ஊட்டுக்குக் குடுத்தனுப்ப மாட்டேன்னு ஒரு சத்தியம் பண்ணுங்க."

அவர் சத்தியம் பண்ணவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அந்தச் சளி ஆடையைச் சுண்டுவிரலால் ஒதுக்கிவிட்டு, பாட்டிலை முழுக்க அமுக்கி எடுத்தார். கையை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை அதே கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த மனிதரிடம் ரெண்டு வருடமாக வேலை பார்க்கிறேன் என்பதை நினைத்தால் எனக்கே என் மேல் மதிப்பு வருகிறது.

இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் சர்வேயராக இருந்தவர் அவர். தீப்பிடித்த பஞ்சு பேல், நனைந்த பண்டல், கப்பலில் அழுகிய சரக்கு என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து நஷ்டம் எழுதுவது வேலை. எழுதச் சொன்னதை எழுதாமல் கண்டதை எழுதியதால் வேலை போயிற்று. இப்போது திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு பனியன் குடோனுக்கு மேல் ஒற்றை அறையில் உட்கார்ந்து துப்பறிகிறார். முக்கால்வாசி கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு வலிப்பு உண்டா, இந்த மாதிரி. நான் பழனாயி. செக்கிங் டேபிளில் ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு பீஸ் புரட்டிக் கறை பார்த்தவள். கண்ணும் வாயும் ஒன்றாக வேலை செய்கிற ஆள் வேண்டும் என்று சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டார்.

நேற்று எங்கள் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தவர் ராசப்பன். கரட்டுப்பாளையத்தில் பெரிய தோட்டக்காரர், ஊருக்கும் சாயப் பட்டறைக்கும் தண்ணி அடிக்கிற டேங்கர் வைத்திருப்பவர், ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் சொன்ன கதை இது. ஊருக்குப் பின்னால் கல் உடைத்து விட்டுப்போன பாறைக்குழி. மழைத் தண்ணீர் நிற்கும், ஆடு குடிக்கும். சித்திரைக் கடைசியில் குழி திடீரென்று ரத்தமாக மாறிவிட்டது. ஆறு ஆடு செத்துவிட்டன. செய்தவன் யாரென்று ஊருக்கே தெரியும். லைன் வீட்டில் குடியிருக்கிற தெற்கத்திக்காரன், பெயர் சுடலை. பனியன் கம்பெனியில் கூலி. உப்பளத்து ஊர்க்காரன். கோயில் கொடைக்குப் போய்விட்டு ஒரு சாக்கோடு திரும்பி வந்தான், வந்த அஞ்சாம் நாள் குழி சிவந்தது.

"ஆளைப் புடிச்சுத் தறி ஷெட்டுல பூட்டி வெச்சிருக்கறமுங்க. நாளைக்கு நாலு மணிக்கு எஸ்.ஐ. வர்றாரு. வெசம் வெச்ச கேசு. விசயம் தெரிஞ்சவங்க எழுதுன பேப்பர் ஒண்ணு வேணும்னு சொன்னாரு. நீங்க பாத்து ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க" என்று சொல்லி ஒரு காகிதத்தையும் நீட்டியிருந்தார் ராசப்பன்.

அது கோயமுத்தூரில் ஒரு லேபில் வாங்கிய ரிப்போர்ட். குழித் தண்ணீரில் இருப்பது சாயம் அல்ல, கிருமி. சுடலையின் சாக்கில் ஒட்டியிருந்த கல்லுப்பிலும் அதே கிருமி. கீழே ரப்பர் ஸ்டாம்பு.

நான் படித்துவிட்டு முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். சாக்கில் இருந்தது, குழியில் இருக்கிறது, நடுவில் ஒரு ஆள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்போது தண்டாயுதபாணி பாட்டிலை வெயிலுக்குக் காட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். உள்ளே சிவப்பு கெட்டியாகச் சுழன்றது.

"வந்ததிலிருந்து என்ன பாத்தே, சொல்லு" என்றார்.

"செத்த ஆடு. ஈ. நீங்க மிட்டாய் தின்னது."

"அப்பறம்?"

அப்புறம் ஒன்று இருந்தது. தார் ரோட்டிலிருந்து குழிக்கு வருகிற மண் தடத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. ஒரு சாண் இடைவெளியில், சட்டைத் துணியில் டெய்லர் சாக்பீஸால் போட்ட கோடு போல, வளைவில் வளைந்து நேரில் நேராக வந்தது. அது குழியின் கரையில் வந்து நின்றது. கரையில் அந்த இடத்தில் மட்டும் புல் கருகி, பாறை சுண்ணாம்பு அடித்த மாதிரி பூத்திருந்தது.

"சோப்புத் தண்ணியா இருக்குமுங்க. யாராச்சும் துணி தொவைச்சிருப்பாங்க" என்றேன்.

"தொவைச்சவ ரோட்டுல இருந்தே பிழிஞ்சுக்கிட்டு வந்தாளா?"

தெரியாதபோது நான் வாயைத் திறப்பதில்லை. அது ஒன்றுதான் எனக்குள்ள அடக்கம்.

தறி ஷெட்டின் வாசலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். சுடலையின் பெண்டாட்டி பாண்டியம்மாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"கையெழுத்துப் போட வந்தவிய நீங்கதானா?" என்றாள். குரலில் அழுகை இல்லை, அழுது முடித்திருந்தாள். "நேத்து ராத்திரியே சட்டி பானையத் தூக்கி வெளிய வச்சிட்டாவ. இவரக் கொண்டு போயிட்டாவன்னா நான் இந்தப் பிள்ளய வச்சிக்கிட்டு எங்க போவேன்னு மட்டும் அதுல எழுதிருங்க."

தண்டாயுதபாணி ஜன்னலுக்குப் போனார். கம்பிக்குப் பின்னால் இருபத்தைந்து வயதுப் பையன். உதடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. உள்ளே மூத்திர நாற்றம். ரெண்டு நாளாகத் திறந்துவிடவில்லை என்று புரிந்தது. ஆட்டைப் பார்த்து வந்ததைவிட எனக்கு இங்கேதான் அதிகமாகக் குமட்டியது.

"உன்னைய எதை வெச்சுப் புடிச்சாங்க?" என்றார் தண்டாயுதபாணி.

"என் வாயிதான் அண்ணாச்சி. குழி செவந்த அன்னைக்கு எல்லாரும் சாமி குத்தம், ரத்தம்னு பயந்து நின்னாவ. நான் போய்ப் பாத்தேன். பயப்படாதிய, எங்கூரு உப்பளத்துலயும் கோடையில இப்படித்தான் பாத்தி செவக்கும், உப்பு வெளையப் போகுதுன்னு அர்த்தம்னு சொன்னேன். ஆறுதலாச் சொன்னது. அப்படின்னா நீதான் அங்கேருந்து கொண்டாந்தியான்னு அடிச்சிட்டாவ."

"சாக்குல என்ன கொண்டாந்தே?"

"அஞ்சு கிலோ கல்லுப்பு, கொஞ்சம் கருவாடு. அக்கா குடுத்து விட்டா."

"குழித் தண்ணியை நக்கிப் பாத்தியா?"

சுடலை ஒரு கணம் அவரைப் பார்த்தான். "பாத்தேன். உப்பளத்துல பொறந்தவன், பாக்காம இருப்பனா? நாக்கு வெந்து போற கரிப்பு. அதைச் சொல்லதுக்குள்ள வாயில குத்திட்டாவ."

தண்டாயுதபாணி தலையாட்டினார். அவ்வளவுதான். ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை.

"வா அம்மணி, ராசப்பன் ஊட்டுக்குப் போலாம். வெயிலுக்கு ஏதாச்சும் குடிக்கக் குடுப்பாங்க."

ராசப்பன் வீட்டில் குடுத்தார்கள். வந்தவர்களை நாக்கு வறளத் திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அவர் பெண்டாட்டி மருதாள், தங்கமான அம்மா, பெரிய பித்தளை டம்ளரில் மோர் கொண்டுவந்து நீட்டினார். கருவேப்பிலை, கொத்தமல்லி எல்லாம் கிள்ளிப் போட்டிருந்தது. நான் ஒரே மூச்சில் முக்கால் டம்ளர் குடித்தேன்.

"உப்பு சித்தெ தூக்கலா இருந்தாலும் வெயிலுக்கு நல்லா இருக்குதுங்க" என்றேன்.

"உப்பா?" மருதாள் சிரித்தார். "நான் மோருக்கு உப்பே போடறதில்லையே கண்ணு. எங்க ஊட்டுக்காரருக்குப் பிரஷருங்க. ஆறு வருசமா இந்த ஊட்டு மோர்ல உப்பு கெடையாது."

தண்டாயுதபாணி வாயருகே கொண்டுபோன டம்ளரை மெதுவாகத் திண்ணைமேல் வைத்தார்.

"மோருக்கு ஊத்துன தண்ணி எங்கத்ததுங்க?"

"எங்க டேங்கர்தானுங்க. ஊருக்கே அதுதான். கோடையில கொஞ்சம் கரிக்கத்தானே செய்யும்? ஆனா சுத்தமுங்க. பிளீச்சிங் பவுடர் வாசம் வருது பாருங்க, அவ்வளவு சுத்தம்."

டம்ளரை மூக்கருகே கொண்டுபோனேன். வந்தது. அந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைத் துணி பண்ணுகிற இடத்து வாசனை.

ராசப்பன் கட்டிலில் உட்கார்ந்து இளநீர் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குடித்துப் போட்ட கூடு நாலைந்து கிடந்தன. "எனக்கு எளநிதானுங்க. டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார். "என்னங்க சர்வேயரே, பாத்தீங்களா? எழுதிரலாமுங்களா?"

"எழுதிரலாமுங்க. சாக்குல இருக்கறதும் குழியில இருக்கறதும் ஒண்ணேதான். சந்தேகமே இல்ல."

"அதைத்தானுங்க நானும் சொல்றன்."

"டேங்கரைப் பாத்துட்டு வந்து எழுதறன். சும்மா ஒரு ஆசைக்கு."

டேங்கர் வீட்டுக்குப் பின்னால் நின்றது. டிராக்டரில் மாட்டி இழுக்கிற வகை. பின்பக்க வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது. வால்வைச் சுற்றி வெள்ளையாகக் கெட்டி தட்டி, கறை பிடித்த பல் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. தண்டாயுதபாணி அதில் ஒரு துண்டை உடைத்தார். நாக்கில் வைத்தார்.

எனக்கு உடம்பு கூசியது. "சார், அதை எதுக்குங்க..."

"நீயும் ஒரு துளி பாரு."

"வேண்டாமுங்க."

"ஆமா, உனக்கு வேண்டாம். நீதான் முக்கா டம்ளர் குடிச்சிட்டியே."

கீழே பார்த்தேன். வால்வுக்கு நேர் கீழே தரையில் வெள்ளைப் புள்ளி. அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி. அடுத்தது. அந்தச் சாக்பீஸ் கோடு குழியோடு நிற்கவில்லை, இந்த வீட்டுக்கு வந்துதான் முடிந்தது. டேங்கர் சக்கரத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, மூன்று இட்லியையும் மோரையும் அங்கேயே ராசப்பனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எட்டு வருடத்தில் எத்தனையோ கறை பார்த்தவள், இதற்கு முன் ஒன்றைக் குடித்ததில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது தண்டாயுதபாணி டேங்கர் மட்கார்டில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். சாக்கில் இருந்த கிருமியும் குழியில் இருந்த கிருமியும் ஒன்றே என்று முதல் வரி. கீழே கையெழுத்து போட இடம்.

"நிஜமாவே இதைக் குடுக்கப் போறீங்களா?"

"உண்மைதானே?"

"உண்மையா இருந்தா? அந்தப் பொண்ணு வாசல்ல கைக்கொழந்தையோட உக்காந்திருக்கா. இதைக் குடுத்தீங்கன்னா நான் நாளையிலிருந்து மறுபடி செக்கிங்குக்கே போயிருவனுங்க. அங்கயாச்சும் கறையைக் கறைன்னு சொல்லலாம்."

அவர் பேனா மூடியைப் போட்டார். "இன்னும் எழுதி முடிக்கல அம்மணி" என்றார்.

மூன்றரைக்குத் தறி ஷெட் வாசலில் ஊரே கூடியிருந்தது. எஸ்.ஐ. இன்னும் வரவில்லை. முன்வரிசையில் குழந்தையம்மாள், செத்த ஆடுகளில் நாலு அவளுடையது. சுடலையை முதலில் அடித்ததும் அவள்தான். அவளுக்கு அந்த நாலு ஆடுதான் பிழைப்பு. ராசப்பன் கட்டிலைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்திருந்தார். ஷெட் சாவி அவர் இடுப்பு பெல்ட்டில் தொங்கியது. மருதாள் மோர்ப் பானையோடு வந்து எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் நீட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

தண்டாயுதபாணி முதல் வரியைச் சத்தமாகப் படித்தார். கூட்டம் முணுமுணுத்தது. ராசப்பன் மீசையைத் தடவினார். பாண்டியம்மாள் குழந்தையை மாரோடு இறுக்கிக்கொண்டாள்.

"ரெண்டாவது வரி" என்றார் தண்டாயுதபாணி. "இதே கிருமியை நான் ஈரோட்டுத் தோல் மண்டியில பாத்திருக்கறன். உப்புப் போட்ட தோல் மேல செவப்பாப் பூத்துக் கெடந்துச்சு. துறைமுகத்துல உப்புக் கருவாட்டுப் பெட்டியில பாத்திருக்கறன். அது வெளிநாட்டுக் கருவாடு. அனுப்புனவன் உங்க ஊர்லதான் புடிச்சுதுன்னான், வாங்குனவன் உங்க ஊர்லதான்னான். ஆறு மாசம் சண்டை. ஆப்பிரிக்காவுல ஒரு ஏரி, அமெரிக்காவுல ஒரு ஏரி, ரெண்டும் இதே செவப்பு. சுடலை அங்கெல்லாம் சாக்கு கொண்டு போனானுங்களா?"

யாரோ சிரித்தார்கள். ராசப்பன் சிரிக்கவில்லை. "ஊர்க்கதை எதுக்குங்க? அவன் சாக்குல வந்துச்சா இல்லியா, அதைச் சொல்லுங்க."

"வந்திருக்கலாம். காத்துல வந்திருக்கலாம். கொக்குக் கால்ல வந்திருக்கலாம். உங்க சமையல்கட்டு உப்பு ஜாடியில இப்பவே இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இந்த ஜீவனுக்கு ஊரும் கெடையாது, பஸ் டிக்கெட்டும் கெடையாது. உலகம் பூரா தூவி விட்டாப்பல கெடக்குது. ஆனா கெடக்கற எடத்துல எல்லாம் மொளைக்காது. நீங்க தோட்டம் பாக்கறவங்க, உங்களுக்கு நான் சொல்லோணுமா? அது மொளைக்கோணும்னா உப்பு வேணும். அதும் நாக்கு வேகற உப்பு."

"குழந்தையம்மா, ஒரு சொம்பு நல்ல தண்ணி வேணுமே. டேங்கர் தண்ணி வேண்டாம்" என்றார் தண்டாயுதபாணி.

"கோயில் கெணத்துத் தண்ணி இருக்குதுங்க, அபிசேகத்துக்கு வெச்சது" என்று அவள் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதை ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் ஊற்றினார். ஊறுகாய் பாட்டிலைத் திறந்தார். முன்வரிசை முந்தானையால் மூக்கைப் பொத்தியது. அடியில் தேங்கிய கெட்டிச் சிவப்பை ஒரு கரண்டி எடுத்து டம்ளரில் விட்டுக் கலக்கினார். முதலில் டம்ளர் கலங்கிச் சிவந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். கலங்கல் தெளிந்தது, சிவப்பு வெளுத்தது. கரண்டியைத் தூக்கினார். மூக்குச்சளி மாதிரி ஒரு நூல் கரண்டியோடு நீளமாக எழுந்து வந்தது. பின்னால் யாரோ ஓங்கரித்தார்கள். நான் இல்லை, என் வயிற்றில் அதற்கு மேல் ஒன்றும் மிச்சமில்லை.

"செத்துப் போச்சு" என்றார் தண்டாயுதபாணி. "நல்ல தண்ணி பட்டா வெடிச்சுச் சாகற ஜீவன் இது. குழியில மழைத் தண்ணி நின்னிருந்தா, சுடலை அஞ்சு கிலோ இல்ல, அம்பது கிலோ கொண்டாந்து கொட்டியிருந்தாலும் இதான் கதி. அதனால யாரு கொண்டாந்தாங்கறது கேள்வியே இல்லீங்க. அதுக்குச் சோறு போட்டது யாரு? அந்தக் குழியை உப்பளமா மாத்துனது யாரு? குழந்தையம்மா, உன்ற ஆட்டைக் கொன்னது செவப்பு இல்ல. உப்பு."

குழந்தையம்மாள் திரும்பி ஷெட் ஜன்னலைப் பார்த்தாள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். "அத்தனை உப்பு யாருங்க கொண்டாந்து கொட்டுவாங்க?" என்றாள்.

இந்த இடத்தை அவர் எனக்கு விட்டுவைத்திருந்தார்.

"டையிங்ல, சாயப் பட்டறையில வேலை பாத்தவங்க யாராச்சும் இருக்கறீங்களா?" என்றேன். நாலைந்து கை எழுந்தது. "டார்க் கலர் போட்டா என்ன போடுவீங்க?"

"உப்புத்தாங்க. மூட்டை மூட்டையா."

"கழிவுத் தண்ணியில பிளீச்சிங் போட்டுக் கலரை எடுத்தா?"

"வெள்ளையா ஆயிருமுங்க."

"கலர் போயிரும். உப்பு?"

எழுந்த கைகள் இறங்கின. அவர்களுக்கு அது புதிதில்லை, இது வரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"ராசப்பண்ணன் டேங்கர் நல்ல தண்ணி ஏத்திக்கிட்டு டையிங்குக்குப் போகுது. வர்றப்பக் காலியா வருதுங்கறாங்க. காலி டேங்கர் எதைங்க ரோடு பூராச் சொட்டிக்கிட்டு வரும்? தார் ரோட்டுல இருந்து குழி வரைக்கும் வெள்ளைக் கோடு. குழியில இருந்து அவங்க ஊடு வரைக்கும் வெள்ளைக் கோடு. போய்ப் பாருங்க. டையிங் கழிவைக் குழியில கொட்டிட்டு, அந்த டேங்கரைக் கழுவாமத்தான் அடுத்த நடை உங்களுக்குக் குடிதண்ணி. கரிக்குதுன்னு சொல்லிக்கிட்டே குடிச்சிருக்கறீங்க. நானும் இன்னைக்குக் குடிச்சேன்."

கையிலிருந்த மோர் டம்ளர்களை ஒவ்வொருவராகக் கீழே வைத்தார்கள். ஒரு கிழவர் காறிக் காறித் துப்பினார். பாண்டியம்மாள் குழந்தையின் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு மறுபடி துடைத்தாள்.

ராசப்பன் எழுந்தார். நான் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைக் கூப்பினார். கண்ணில் தண்ணீர் வேறு.

"சாமிகளா, எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. டிரைவரும் டையிங்காரனும் சேந்து பண்ணியிருப்பாங்க. எனக்குத் தெரிஞ்சிருந்தா அதே டேங்கர் தண்ணியை என்ற ஊட்டுல எறக்குவனா? என்ற பொண்டாட்டி, என்ற பேரன் குடிக்கற தண்ணியில நானே மண்ணள்ளிப் போடுவனா?"

கூட்டம் தணிந்தது. நியாயமான கேள்வி அது. தன் வீட்டுக் குடத்தில் எவனாவது கழிவை ஊற்றுவானா? குழந்தையம்மாள் கூட, "அதானுங்க" என்றாள். நான் தண்டாயுதபாணியைப் பார்த்தேன். அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மருதாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருதாள் பானையோடு அப்படியே நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"உங்களை எந்த டாக்டருங்க எளநி குடிக்கச் சொன்னது?" என்றார்.

"இப்ப எதுக்கு அது?"

"மாசி மாசத்துல இருந்து இந்த ஊட்டுல ஒரு வாய்த் தண்ணி நீங்க குடிக்கல. மோரைத் தொடல. மத்தியானச் சோறு திருப்பூர் மெஸ்ஸுலயே தின்னுட்டு வந்தீங்க. காப்பி வேண்டாம்னுட்டீங்க. பிரஷருன்னு நெனச்சு நான் காளியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டனுங்க." குரல் நடுங்கவில்லை. "டேங்கர் டையிங்குக்கு ஓட ஆரம்பிச்சதும் மாசியிலதானுங்களே?"

ராசப்பன் வாயைத் திறந்து மூடினார். அந்த வாயைப் பார்க்க எனக்கு அந்த ஆட்டின் வாய் ஞாபகம் வந்தது. இவ்வளவு பெரிய வீடு, இவ்வளவு மரியாதை, பெண்டாட்டி கும்பிட்ட கும்பிடு. அதற்குள்ளே இந்த மனுசன் மூன்று மாதமாகத் தனக்கு மட்டும் இளநீர் சீவிக்கொண்டிருந்திருக்கிறான். தூ.

மருதாள் பானையிலிருந்து ஒரு டம்ளர் மோர் நிறைய ஊற்றினார். கருவேப்பிலை ஒன்று மேலே மிதந்தது. அதைப் புருசனின் கையில் கொடுத்தார்.

"தெரியாதுன்னா குடிங்க" என்றார். "நாங்க அத்தனை பேரும் குடிச்சதுதான். குடிச்சிட்டு அந்தப் பையனைப் போலீசுல குடுங்க."

தார் ரோட்டில் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்டது. ராசப்பன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். குழிப் பக்கமிருந்து வந்த பொடி ஈ ஒன்று விளிம்பில் உட்கார்ந்தது. அவர் அதைக்கூட விரட்டவில்லை. டம்ளரைத் தூக்கினார். உதடு வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது.

பிறகு அதை மெதுவாகக் கட்டில்மேல் வைத்தார். பெல்ட்டிலிருந்த சாவியைக் கழற்றி, யார் முகத்தையும் பார்க்காமல், பாண்டியம்மாள் பக்கம் நீட்டினார்.